எஃகா, பிளாஸ்டிக்கா

காவல்துறை ஆயுத அறையின் மேசையில், எதை வாங்குவது என்று பார்க்க, இரண்டு கைத்துப்பாக்கிகள் கிடக்கின்றன. ஜன்னல் வெயிலில் எஃகுத் துப்பாக்கி மினுங்குகிறது. பிளாஸ்டிக் உடல் கொண்டது கரியாய் மங்கிக் கிடக்கிறது. "எஃகுதான் கனமா கைல நிக்கும், சுட்டா உதறாது," என்கிறார் பெரிய அதிகாரி. "பிளாஸ்டிக்னா இடுப்புல பாரமே தெரியாது சார், துருவும் பிடிக்காது," என்கிறார் சின்னவர். ஆயுத அறைப் பொறுப்பாளிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன மாதம் ரோந்துக்குப் போன அவள் தம்பி விசையை அழுத்தியும் துப்பாக்கி வெடிக்கவில்லை. எதிரே நின்றவனுடையது வெடித்துவிட்டது. "நீ என்னம்மா சொல்றே?" என்று பெரியவர் கேட்கிறார். தம்பிக்குக் கொடுத்த அதே பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து, இரண்டுக்கும் நடுவில் டக்கென்று வைக்கிறாள். அதன் விளிம்பில் பச்சைக் களிம்பு. "எதுல போட்டாலும் இது வெடிக்காது சார். தோட்டா நமுத்துப்போச்சுன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேன். ஒண்ணையாவது படிச்சீங்களா?"