துக்கமானி

என் மனைவி கோதை லாரி மோதி இறந்த மறுவாரம், கோர்ட் உத்தரவுப்படி என் மணிக்கட்டில் துக்கத்தை அளக்கும் துக்கமானியை மாட்டினார்கள். விபத்து இழப்பீட்டு வழக்குக்கு அதில் எண் கூடுதலாகத் தெரிய வேண்டும். மூன்று வயது மகள் நிலானியைத் தங்களிடமே விடச் சொல்லி மாமனார் போட்ட வழக்கிலோ, எண் நாற்பதைத் தாண்டினால் நான் பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவன். இரண்டு கோர்ட்டும் ஒரே கருவியைத்தான் பார்க்கும்.

"நாலு மாசமா பன்னெண்டுலயே நிக்குது தம்பி. பொண்டாட்டி செத்தாளா, ஊருக்குப் போயிருக்காளான்னு லாரிக்காரன் வக்கீல் கேக்குறான்," என்றார் என் வக்கீல் அருள்மேரி.

"அந்தக் கேஸை விட்டுடுங்க மேடம். பாப்பா கிடைச்சா போதும்."

இன்று குடும்பநல நீதிமன்றத்தில் உட்கார முடியவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். டவாலி என் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனேன். மாமனார் நிலானியை இறக்கிவிட்டார். அவளுடைய முன்பல் ஒன்று உடைந்திருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

"அப்பா, தூக்கு!"

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். அவள் என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"முப்பது," என்று குமாஸ்தா கருவியைப் பார்த்து உரக்கப் படித்தார். "முப்பத்தாறு."

"பாப்பா, தாத்தாகிட்ட போ," என்றேன்.