நிஜ மாத்திரை

அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, சம்பந்தியின் மாத்திரைகளை இன்ஸ்பெக்டர் தன் கைக்குட்டையில் கொட்டினார். சம்பந்தி காலை நடைக்குப் போயிருந்தார். திரும்பிவர இருபது நிமிடமாவது ஆகும்.

சுங்க இலாகாவில் முப்பது வருடம் பெட்டியைத் தட்டிப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொன்ன மனிதர் இவர். சம்பந்தி, பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். பிள்ளையைப் பெற்றவரும் பெண்ணைக் கொடுத்தவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். போதாததற்கு இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம்.

மூளை தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்கிறது, அதில் வரும் கோளாறுக்கும் நடுக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார் டாக்டர். கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் இருவரையும் சேர்த்துக்கொண்டார். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம்.

அந்தத் 'தெரியாதாம்' இன்ஸ்பெக்டருக்கு உறுத்தியது. டாக்டர், மாஸ்டரின் பழைய மாணவர் வேறு. இரண்டே மாதத்தில் மாஸ்டர் பேத்திக்குக் கோடு பிசகாமல் யானை வரைந்து கொடுத்தார். இவருக்கோ சட்டைப் பொத்தான் போட மருமகள் வரவேண்டியிருந்தது. இதில், உங்கள் கைதான் தேவலை என்று மாஸ்டர் அடிக்கடி சொல்வது சுத்தக் குத்தலாகப் பட்டது.

தன் டப்பாவை எடுத்தார். மூடி கோணலாகத் திருகியிருந்தது. கை நடுங்குகிறவன் மூடினால் இப்படித்தான் இருக்கும் என்று நொந்துகொண்டே, அதிலிருந்ததை இதிலும் இதிலிருந்ததை அதிலும் மாற்றிப் போட்டார்.

பலன் தெரிய ஒரு மாதம்கூட ஆகவில்லை. பொத்தான்கள் தானாக ஏறின. ஆனால் மாஸ்டருக்குக் கால் இழுக்க ஆரம்பித்தது. பேத்தி யானை கேட்டால், நாளைக்கு என்று நழுவினார். ஒருநாள் காபியைச் சட்டையில் சிந்திக்கொண்டு, யாரும் பார்ப்பதற்குள் அவர் துண்டால் மறைத்ததை இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த பரிசோதனைக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தபோது, மனதில் இருந்ததையெல்லாம் சொல்லிவிட்டார்.

"பெரிய தப்புப் பண்ணிட்டேன் சம்பந்தி. உங்க மருந்தை நான் தின்னுட்டிருக்கேன். உள்ள போனதும் டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

மாஸ்டர் கோபப்படவில்லை. என்றைக்கு மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"போன மாசம், முதல் ஞாயித்துக்கிழமை. நீங்க வாக்கிங் போயிருந்தப்ப."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் அதுக்கு முந்தின நாளே மாத்திட்டேன், சம்பந்தி."