4417-இன் மூளை

“அக்கா, 4417 நம்பர் இந்த வீடுதானே?”

திருக்காட்டுப்பள்ளியில், நடவு ஆட்களுக்குச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டிருந்த ஈஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆமாம்மா. நீ யாரு?”

“குந்தவை. தஞ்சாவூர்ல மூளை ஆராய்ச்சி பண்றேன். போன மாசம் எங்க ஆளுங்க வந்து இங்க முகாம் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா?”

“இல்லாம என்ன? தூக்கத்துக்கு ரெண்டு நாள், ஞாபகத்துக்கு ரெண்டு நாள், கோபத்துக்கு ரெண்டு நாள். பிஸ்கட் வேற குடுத்தாங்க.”

அந்த மூன்று முகாம்களின் விவரங்களும் மூன்று தனித்தனி இணையதளங்களில் கிடந்தன. பெயர் கிடையாது, ஆணா பெண்ணா என்பதும் கிடையாது. வெறும் எண்தான். அந்த எண்ணைப் பிடித்து மூன்று தளங்களையும் ஒன்றோடொன்று இணைத்தவள் குந்தவை. இணைத்த மறுநாளே சிக்கியது 4417. இப்படி ஒரு மூளையை யாரும் கண்டதில்லை. பதிவேட்டில் முகவரியைத் தேடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

நாளை காலைக் கூட்டத்தில் பேராசிரியர் அமிர்தலிங்கம் இதை அறிவிப்பதாக ஏற்பாடு. அறிவித்தால் அவளுக்கு இன்னும் மூன்று வருடம் வேலை நிச்சயம். சொதப்பினால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“முதல் நாள் அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். மறுநாள் பொட்டுத் தூக்கம் இல்ல. நெசமாவே அப்படியா அக்கா?”

“நெசந்தான். வருஷம் பூரா அப்படித்தான்.”

குந்தவை மளமளவென்று எழுதிக்கொண்டாள். “ஞாபகம்?”

“அத ஏம்மா கேக்கற. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கல்யாணப் பந்தியில யாரு என்ன பேசினாங்கன்னு அப்படியே வரும். காலையில வாங்கிட்டு வரச் சொன்ன தயிரு சாயங்காலம் ஞாபகம் இருக்காது.”

“கோபம்?”

“வந்தா வீடு தாங்காது. ஆனா எவ்வளவு திட்டு வாங்கினாலும் அசராம சிரிப்புத்தான்.”

குந்தவைக்குப் புல்லரித்தது. “அக்கா, இது எவ்வளவு அபூர்வம்னு உங்களுக்குத் தெரியல. வெளிநாட்டு டாக்டருங்க எல்லாம் உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க.”

“இதுக்கா? எங்க தெருவுல வீட்டுக்கு வீடு இப்படித்தான்மா.”

பாவம், வெகுளி என்று நினைத்துக்கொண்டாள் குந்தவை. அங்கேயே நின்று பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

“சார், நேர்லயே விசாரிச்சுட்டேன். சந்தேகமே இல்ல. பத்திரிகைக்காரங்களையும் கூப்பிட்டுடுங்க.”

போனை வைத்தவள் ஈஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இப்ப 4417-ஐ நான் பார்க்கலாமா அக்கா?”

“அதுக்கென்ன, இரு.”

ஈஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ரேஷன் கார்டை நீட்டினாள்.

“பத்திரம்மா, இந்த மாச அரிசி இன்னும் வாங்கல. முகாம்ல மறக்காத நம்பரா ஒண்ணு சொல்லுங்கன்னாங்க, இதுல கடைசி நாலு நம்பரச் சொன்னோம். ஒவ்வொரு தடவையும் முதல் நாள் எங்க வீட்டுக்காரரு வந்தாரு, மறுநாள் நான் வந்தேன். குறட்டை விட்டுத் தூங்குறதும் மறக்குறதும் சிரிக்கிறதும் அவரு. தூங்காததும் மறக்காததும் திட்டுறதும் நான்.”