இலையைப் பார்க்காதவர்கள்

ஜன்னலோரம் மாஜிதாக்கா. எதிரே உணவு ஆலோசகர் மணிமுத்து அண்ணாச்சி. கதவை ஒட்டி இலத்தூர் வேல்விழி. கடிதம் எழுதுகிறவள் என்பதால் மேஜை எனக்கு.

சாப்பிட முடியாமலும், சாப்பிட்டதை வயிற்றில் வைத்திருக்க முடியாமலும் தவிக்கிற பெண்களுக்குத் துணை நிற்பதுதான் எங்கள் நாலு பேருக்கும் வேலை. மாதம் ஒருமுறை தென்காசியில், மாஜிதாக்காவின் ஆலோசனை அறையில் கூடுவோம். தனியாகத் தீர்க்க முடியாததைச் சேர்ந்து யோசிப்போம்.

விதி இரண்டுதான். நம்மிடம் வருகிற பெண்ணின் பேர், ஊர் சொல்லக் கூடாது. சாப்பிடும்போது ஒருவர் இலையை மற்றவர் பார்க்கக் கூடாது.

"இன்னொன்னு வச்சுக்கோயேன்" என்ற பேச்சே இங்கே கிடையாது. அது சிலரை எப்படிக் குத்தும் என்று எங்களுக்குத் தெரியும்.

அன்று வெளியே சாரல். அண்ணாச்சி புளியறையிலிருந்து பரோட்டா வாங்கி வந்திருந்தார்.

வேல்விழி ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். ஆள் பாதியாகிவிட்டாளாம். இரண்டு தடவை மயங்கி விழுந்தாளாம். டாக்டரிடம் போ என்றால் அடுத்த மாதம் என்கிறாளாம்.

"அடுத்த மாசம் வரைக்கும் தாங்குவாளாம்மா?" என்றார் அண்ணாச்சி. "கூட இருக்கவுங்க ஒண்ணும் கேக்கலயா?"

"எப்படிக் கேப்பாங்க? எல்லாரும் வெவரம் தெரிஞ்சவுங்க. மரியாதைக்குக் கேக்க மாட்டாங்க. பிச்சுப் போட்டு சால்னாவ ஊத்தி வச்சா, சாப்பிட்ட மாதிரித்தான தெரியும்."

மாஜிதாக்கா கையிலிருந்த பரோட்டாத் துண்டை இலையிலேயே வைத்தாள்.

"அப்போ அந்த வெவரம் தெரிஞ்சவுகளத்தாம்ட்டி மொதல்ல வெளக்குமாத்தால சாத்தணும்" என்றாள் மாஜிதாக்கா.

வேல்விழி சிரித்தாள். சிரித்தபடியே இலையை மடித்தாள். மடித்த இலை பொட்டலம் மாதிரிப் புடைத்திருந்தது.

அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று. போனில் அனுப்பினால் அழித்துவிடுவார்கள்; கடிதம் கையில் இருக்கும். மாஜிதாக்கா சொல்லச் சொல்ல எழுதினேன்.

'வியாழக்கிழமை திருநெல்வேலியில் டாக்டரைப் பார்க்கிறோம். நாங்களும் கூட வருகிறோம். இத்தனை நாள் கேட்காமல் இருந்தது எங்கள் தப்பு. இனிமேல் கேட்போம்.'

பேர் தெரியாததால், இப்படிப்பட்ட கடிதங்களை அந்தப் பெண் யாரிடம் வருகிறாளோ அவரே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வழக்கம்.

"தாங்கக்கா, நானே குடுத்துருதேன்" என்று வேல்விழி கையை நீட்டினாள்.

"இது தபால்லயே போகட்டும்" என்றேன்.

உறையை ஒட்டினேன். திருப்பிப் போட்டு முகவரியை எழுதினேன். இலத்தூர், தெரு, வீடு.

வேல்விழியிடம் நான் எதையும் கேட்கவில்லை.

அவள் பக்கத்தில் வந்து நின்று, எழுதியதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கதவு நம்பர் மாத்திட்டாங்கக்கா" என்றாள். "இப்போ பதினாலு."

அடித்துத் திருத்தினேன்.

தபால் பெட்டி வரைக்கும், மை கரைந்துவிடாதபடி, உறைக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.