ஒரு வார்த்தைக்கு மூன்று வரி

“அவனே மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கான் மேடம். இதுக்கு மேல என்ன வேணும்?” என்று காகிதத்தைத் தட்டினார் இன்ஸ்பெக்டர் எசோம்பா.

“பொறுங்க சீஃப். அவன் இங்கிலீஷ்ல எழுதினதும் நீங்க பிரெஞ்சுல போட்டிருக்கிறதும் ஒண்ணுதானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு” என்றாள் மேடம் மூகூரி.

பெஞ்சு ஓரத்தில் இருந்த ஆக்வி இருவர் பேச்சையும் உற்றுக் கேட்டாள். கேமரூனின் டுவாலா நகரச் சந்தையில் ஐந்து வருஷம் காய்கறி விற்றதில் பிரெஞ்சு அவள் காதுக்குப் பழகியிருந்தது; வாய்க்குத்தான் வரவில்லை. இங்கிலீஷ் பேசும் பமெண்டாப் பக்கத்திலிருந்து வந்து பைக் டாக்சி ஓட்டும் அவள் தம்பி தாங்வா நேற்றிலிருந்து கம்பிக்குப் பின்னால் இருக்கிறான்.

அவன் செய்த குற்றம், ரோட்டில் அடிபட்டுக் கிடந்த ஒரு பெரியவரை முதுகில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதுதான். வழியெல்லாம் ‘சாரி ஐயா, சாரி’ என்று சொல்லிக்கொண்டே ஓடியிருக்கிறான். கேட்டவர்கள், இடித்தவனே மன்னிப்புக் கேட்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பின்னாலிருந்து மோதியது எது என்று பெரியவருக்கும் தெரியவில்லை. பைக்கில் ஒரு கீறல்கூடக் கிடையாது. இருந்தாலும் வாக்குமூலத்தில் அவனே எழுதிய அந்த ஒரு வார்த்தை அவனை ஜெயிலுக்கு அனுப்பப் போதும்.

அதை மொழிபெயர்க்க இந்த அம்மாதானா கிடைத்தாள்? ஆக்வி வந்து நுழைந்தபோதே அவள் இன்ஸ்பெக்டருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு கூடை, அதில் ஒரு பிளாஸ்க். கம்பிக்குப் பின்னாலிருந்த தாங்வாவை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். இனி ஆண்டவன்தான் துணை என்று ஆக்வி அப்போதே நினைத்துக்கொண்டாள்.

“மொழிபெயர்க்கிறவர் திங்கட்கிழமைதான் வருவார். நீங்க இங்கிலீஷ் டீச்சராச்சே, வந்த இடத்துல நான் போட்டதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போவீங்கன்னு பார்த்தேன். நீங்க என்னடான்னா...” என்று இழுத்தார் இன்ஸ்பெக்டர்.

அந்த நேரம் கோப்புக் கட்டோடு உள்ளே வந்த கான்ஸ்டபிள், மேஜைக் காலில் விரலை இடித்துக்கொண்டு துள்ளினார்.

“சாரி, சாரி!” என்று ஆக்வி பதறினாள்.

மேடம் மூகூரி சட்டென்று திரும்பி இங்கிலீஷில் கேட்டாள். “நீ எதுக்கும்மா சாரி சொல்றே? நீயா இடிச்சே?”

“நான் இங்கதானே உக்காந்திருக்கேன்! அவருக்கு வலிக்குதே அக்கா, பாத்துட்டு வாயை மூடிக்கிட்டா இருக்க முடியும்?”

மேடம் மூகூரி அவளையே பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“பாத்தீங்களா சீஃப்? இவங்க ஊர்ல சாரின்னா ‘நான்தான் செஞ்சேன்’னு அர்த்தமில்லை. உனக்கு வலிக்குதே, எனக்குத் தாங்கலையேன்னு அர்த்தம். இருபது வருஷமா பிள்ளைங்களுக்கு இந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுக்கிறேன். மன்னிப்புன்னு ஒரே அர்த்தத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன். எனக்கே வெக்கமா இருக்கு.”

“யாராவது கஷ்டப்படுறதைப் பாத்தா நாம தெருவுல ‘அஷியா’ங்கிறோமே, அந்த மாதிரியா?”

“அதேதான்!”

“அப்ப அஷியான்னே போட்டுட்டுப் போங்களேன்.”

“மேல உக்காந்து படிக்கிறவர் அதைப் பிரெஞ்சுன்னு ஒத்துக்கணுமே!”

பேனாவை எடுத்தாள். எழுதினாள், அடித்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுதினாள். யாரோ ஒரு பைக்குக்காரன் சொன்ன ஒரு வார்த்தைக்காக இப்படி மல்லுக்கட்டும் மனுஷியை ஆக்வி இதுவரை பார்த்ததில்லை. இவளையா தப்பாக நினைத்தோம் என்று கூசிப்போனாள்.

இன்ஸ்பெக்டர் வாங்கி வாசித்தார். “‘ஐயா, நீங்க படுற வேதனை என் மனசைப் பிசையுது. உங்களைத் தனியா விட்டுட மாட்டேன். தைரியமா இருங்க.’ என்ன மேடம், ஒரு வார்த்தைக்கு மூணு வரியா?”

“ஒரு வரியைக் குறைச்சாலும் பொய்யாயிடும் சீஃப்.”

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். “நல்லா யோசிச்சுக்கோங்க. இதை வச்சா இவனை விட்டுடணும். பிடிக்க வேற ஆளும் இல்லை. வேற யார் சொல்லியிருந்தாலும் நான் காதுலயே போட்டுக்க மாட்டேன். நீங்களே சொல்றீங்களேன்னுதான் பாக்கிறேன்.”

“யோசிச்சுத்தான் எழுதினேன்” என்று கையெழுத்துப் போட்டாள் மேடம் மூகூரி.

கம்பிக் கதவு திறந்தது. ஆக்வி ஓடிப்போய் மேடம் மூகூரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்த தாங்வா கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, “அந்தப் பெரியவர் எப்படி இருக்கார்? யாருக்காவது தெரியுமா?” என்பதுதான்.

மேடம் மூகூரி பிளாஸ்க் இருந்த கூடையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“நேத்து உன்மேல புகார் கொடுத்தவ நான்தான் தம்பி. வா, எங்க அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோறேன், நீயே வந்து பாரு.”