ஹாஜராவின் அடுப்படி

பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்த சோலையம்மாளை, கதவைத் தாழ்போட்டுவிட்டுத்தான் புருஷன் அடிப்பான். அவளுக்கு வலிக்காது. மனசு மட்டும் பக்கத்து வீட்டு ஹாஜராவின் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மாவிடம் மட்டும் அதைச் சொன்னாள்.

“தாங்க முடியாதப்ப மனசு தப்பிச்சு ஓடும்மா. காலைத் தரையில அழுத்தி, கண்ணுல படுறதையெல்லாம் பேர் சொல்லுங்க, திரும்பிருவீங்க. இப்ப அவர் அடிக்கிறதில்லையே?”

“இல்ல” என்று பொய் சொன்னாள்.

பல மாதம் அப்படியே செய்து பழகினாள். பிறகு ஒருநாள் அவன் அடித்தபோது, அவள் எங்கும் போகவில்லை. ஒவ்வொரு அடியும் வலித்தது.

மறுநாள் குழாயடியில் ஹாஜரா கேட்டாள்:

“ஏட்டி சோலை, ஒம் புருஷன் அடிக்கும்போதெல்லாம் எங்க அடுப்படியிலதானே வந்து உக்காந்திருப்ப? நேத்து ஏன் வரல? ஒனக்குப் போட்ட டீ ஆறிப்போச்சு.”