ஒரு கப், இரண்டு நாற்று

தையல் மிஷின்மேல் காலை வெயில் விழுகிறது. பக்கத்தில் ஒரு காகிதக் கப். அதில் ஒட்டி நிற்கும் இரண்டு தக்காளி நாற்றுகள். முன்பு இரண்டு தடவை அதிகமாகத் தண்ணீர் ஊற்றியே விதைகளை அழுக வைத்த தையல்காரி, இந்தத் தடவை பயத்தில் இரண்டு விதையாகப் போட்டிருந்தாள். இரண்டுமே முளைத்துவிட்டன. "ஒண்ணை வெட்டிடுங்க அண்ணி. இல்லேன்னா ரெண்டுமே நோஞ்சானாத்தான் நிக்கும்," என்கிறாள் பட்டன் தைக்கும் நாத்தனார். "பிடுங்கி வேற கப்புல வைக்கட்டுமா?" "வேர் பின்னிக்கிட்டிருக்கும், ரெண்டும் போயிடும். ஊரான் துணியில கூசாம கத்திரி வைப்பீங்க, இதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கிறீங்களே!" நூல் வெட்டும் சின்னக் கத்திரி தண்டுகளுக்கு நடுவே போகிறது, திரும்பி வருகிறது, மறுபடி போகிறது. வெட்டியபோது சத்தமே இல்லை. தையல்காரி வெட்டிய நாற்றை எடுத்த விரலை முகர்ந்து பார்க்கிறாள். இரண்டே இலை விட்டிருந்த அந்த நாற்றிலேயே தக்காளி வாசனை முழுசாக இருக்கிறது.